பதினெட்டைத் தாண்டக் கூடாது

அத்தையிடம் டெஸ்ட் என்று சொல்லியிருக்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா வெளியே போய்வருவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் பத்து நிமிடத்தில் மறந்திருப்பாள். காலையில் அவளுக்கு சாக்ஸ் மாட்டிவிடும்போது வாய் தவறிவிட்டது.

"இன்னைக்கு உங்களுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு அத்தை."

அத்தை தன் காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை மார்க்குக்கு?"

"முப்பது."

"எத்தனை எடுத்தா பாஸ்?"

எங்களுக்கு வேண்டியிருந்தது அவள் ஃபெயிலாவது.

"இத்தனை லேட்டா சொல்ற. கதவைச் சாத்திட்டுப் போ, நான் கொஞ்சம் பாக்கணும்" என்றாள். இருபது நிமிடம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது தலை வாரி, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு பேனா எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் டெஸ்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போவோம்.

அத்தை முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். அதைவிட முக்கியமாக, பொதுத்தேர்வுகளில் மேற்பார்வையாளர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. பிட் அடிப்பவர்களைப் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேனா மூடிக்குள், வாட்ச் பட்டைக்கு அடியில், தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய லேபிளின் உள்பக்கம் என்று எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவாள். ஒருமுறை விரலில் கட்டுப்போட்டு வந்த பையனின் கட்டையே அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே நிஜமாகவே காயம் இருந்தது. காயத்துக்குப் பக்கத்தில் சூத்திரமும் இருந்தது.

இப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று வருடமாக ஞாபகம் ஒவ்வொரு மூலையாக இருட்டிக்கொண்டு வருகிறது. அப்பா இருந்தவரை தன் அக்காவை அவரே பார்த்துக்கொண்டார். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். ஆறு நாள் முன்பு அத்தை அடுப்பில் துண்டைக் காயப்போட்டாள். புகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புக்குச் சொல்ல, அவர்கள் வந்து என் பூட்டை உடைத்தார்கள். எனக்குக் கடையில் ஃபோன் வந்து நான் ஓடியபோது, அத்தை தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீயணைப்பு வீரர்களை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய அதிகாரி உடைந்த பூட்டை என் கையில் கொடுத்தார். "உள்ள ஆள் இருக்கும்போது வெளிய பூட்டினா அதுக்கு வேற பேரும்மா. இன்னொரு தடவை வந்தா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். வீட்டுச் சொந்தக்காரர், அவளை அனுப்பவோ வீட்டைக் காலி செய்யவோ இந்த வார இறுதிவரை கெடு கொடுத்தார். கடை முதலாளி ஆறு நாள் லீவு கொடுத்தார். இன்று ஆறாவது நாள். ஒன்று, அத்தைக்கு முதியோர் இல்லத்தில் ஓர் இடம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நான் வேலையை விட்டுவிட்டு வேறு வீடு தேடி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று டாக்டரைக் கேட்டேன். "இதயம் நல்லா இருக்கு, இருபது வருஷம் ஓடும்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இல்லம் டயர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைவதற்குள் அண்ணன் ஃபோனில் வந்துவிட்டான். அவன் இருக்கும் இடத்துக்கு விமானத்தில் பதினோரு மணி நேரம். தூரத்திலிருந்து செய்யக்கூடிய உதவியாக, நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். முந்நூறுக்குக் கீழே போனால் அத்தையை விடக் கூடாது என்பது அவன் முடிவு.

"முதல் கேள்வி. வாசனை."

"ஃபினாயில். அதுக்கு அடியில வேகவெச்ச கேரட். அதுக்கும் அடியில என்னன்னு தெரியல."

"பத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"ஏன் நாலு மார்க் குறைக்கிற?"

"அதுக்கும் அடியில என்னன்னு தெரியலன்னேனே."

"ஆறரை போடறேன்."

"நீயா மோந்து பாத்த?"

"மார்க் போடறதுல நீ கருமிடி. அப்படியே அத்தை."

மேலாளர் இடுப்பில் சாவிக்கொத்துடன் வந்தார். வீடு விற்பவர் போலச் சிரித்த முகம். "வாங்க வாங்க. இங்க யாரையும் நாங்க நோயாளின்னு சொல்றதில்ல. எல்லாரும் விருந்தாளிங்க" என்றார்.

"விருந்தாளிங்க எப்ப வீட்டுக்குப் போவாங்க?" என்று அத்தை கேட்டாள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரோரக் கைப்பிடியைப் பார்த்தேன். கைப்பிடி உறுதியாக இருந்தது. அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

மாடிப்படி ஏறும்போது அவர் விதிகளைச் சொன்னார். முதல் மாடிதான் ஞாபகமறதிப் பிரிவு. பன்னிரண்டு கட்டில். ஜன்னலோரக் கட்டில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலியானது. எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "நர்ஸ் முப்பது மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வெப்பாங்க. பதினெட்டும் அதுக்குக் கீழயும்னா இன்னைக்கே அட்மிஷன். பத்தொன்பதுன்னா வெயிட்டிங் லிஸ்ட். எட்டு மாசம் ஆகும். கீழ இன்னும் ரெண்டு குடும்பம் இதே கட்டிலுக்கு உக்காந்திருக்காங்க."

"ஒரு மார்க்தானே சார்?"

"ஒரு மார்க்ல எத்தனை பேர் டாக்டர் ஆகாம போயிருக்காங்க, தெரியாதா உங்களுக்கு?"

எனக்குக் கவலை இல்லை. போன மாதம் டாக்டர் இதே டெஸ்ட் வைத்தபோது அத்தை பதினொன்று எடுத்திருந்தாள். அன்று அவளிடம் டெஸ்ட் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டு அறையில் ஏழெட்டுப் பேர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். தனித்தனி மேசை, நேர் வரிசை, சுவரில் பெரிய கடிகாரம். அத்தை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். வேகமும் இல்லை, சத்தமும் இல்லை. சூப் குடிப்பவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓர் அம்மா தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். கடைசி மேசைப் பெரியவர் உள்ளங்கையில் எதையோ கசக்குவதைக் கண்டு அத்தை கையை நீட்டினாள். அவர் எழுந்து நின்று கொடுத்தார். காகிதக் கைத்துடைப்பான். அத்தை அதைப் பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, எழுதுங்க."

பெரியவர் உட்கார்ந்து மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

"இவங்க வந்தா சாப்பாட்டு நேரத்துல எங்களுக்கு ரெண்டு ஆள் மிச்சம்" என்றார் மேலாளர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"ஊழியர்கள் பேசும் விதம்?" என்றான் காதில் அண்ணன்.

"நம்மளைவிட நல்லா பேசறாங்க."

"அது பெரிய விஷயமா? மார்க்கைச் சொல்லு."

தாழ்வாரக் கோடியில் வெளியே போகும் கதவு. பக்கத்தில் எண் அழுத்தும் பெட்டி, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'இது எந்த வருடமோ, அந்த நான்கு எண்களை அழுத்தவும்.'

"பூட்டி வெக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது" என்றார் மேலாளர். "அதனால நாங்க பூட்டல. வருஷம் தெரிஞ்சவங்க தாராளமா போகலாம்."

"யாராவது போயிருக்காங்களா?"

"மூணு பேர். அதுல ஒருத்தர் தபால்காரர்."

நான் என் பூட்டை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு மரியாதையான பூட்டு எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது. அதற்குள் அத்தை கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டை எடுத்து, ஒரு கணம் உள்ளே பார்த்து மூடினாள். நான்கு எண்களையும் அழுத்தினாள். கதவு 'டிக்' என்று திறந்தது.

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படும் இடம் அது இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

"ஓ" என்றார் மேலாளர். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். கதவைச் சாத்தினார்.

நர்ஸின் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி. நர்ஸ் என்னை அத்தைக்குப் பின்னால் சுவரோரமாக உட்காரச் சொன்னார். "நீங்க எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது. இருமக்கூட வேண்டாம். சில பேர் ஒரு தடவை இருமினா திங்கள், ரெண்டு தடவைன்னா செவ்வாய்னு பேசி வெச்சுட்டு வராங்க."

"இது என்னைக்கும் நடக்கறதுதான்" என்றாள் அத்தை, சக ஊழியரிடம் சொல்வது போல. நான் ஃபோனை அணைத்தேன். அண்ணன் முப்பத்தொன்றாவது கேள்வியில் இருந்தான்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

அத்தை தலையைக் குனிந்து வலது கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். சொன்னாள். சரி.

"தேதி? மாசம்? வருஷம்?"

சரி. சரி. சரி.

"நாம இப்ப எந்த மாடில இருக்கோம்?"

"முதல் மாடி. பன்னெண்டு கட்டில்." கட்டிலை நர்ஸ் கேட்கவில்லை.

எங்கள் கடைக்குப் பார்வைப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் ஓட்டுநர்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நிஜமாகப் படிப்பவர் எழுத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். மனப்பாடம் செய்தவர் கண்ணைச் சுருக்காமல் என் முகத்தைப் பார்ப்பார். அத்தை ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கீழே பார்த்தாள், பதிலுக்குப் பின்னால் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். நான் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து எட்டிப்பார்த்தேன்.

வாட்ச் பட்டைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கு எட்டிப்பார்த்தது.

வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.

நர்ஸ் கம்ப்யூட்டரில் பதில்களைத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் பத்துக்குப் பத்து. அடுத்து மூன்று வார்த்தை சொன்னார்: நாற்காலி, எலுமிச்சை, சாவி. கடைசியில் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தை தலையாட்டினாள். மேசைக்கு அடியில் அவள் பேனா தொடைமேல் எதன்மேலோ ஓடியது. நிமிர்ந்த முதுகு அசையவே இல்லை. முப்பத்தொரு வருடம் பார்த்துப் பார்த்துக் கற்றது.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

இதற்கு அவளுக்குத் துணை வேண்டியிருக்கவில்லை. தொண்ணூற்றி மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மணி அடித்தது போல இறங்கினாள். ஐந்து முறை போதும் என்று நர்ஸ் சொல்லியும் நிற்காமல் இரண்டு வரை போய், "மிச்சம் ரெண்டு" என்று முடித்தாள். பதினைந்து. கடிகாரம் வரையச் சொன்னபோது நர்ஸின் தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து வரைந்தாள். அதற்கு மூன்று.

"பதினெட்டு" என்றார் நர்ஸ் எனக்காக, தலையைத் தூக்காமல். "ரொம்ப நல்லா பண்றாங்க. இன்னும் பன்னெண்டு மார்க்குக்கு இருக்கு. அம்மா, முதல்ல மூணு வார்த்தை சொன்னேனே, என்னென்ன?"

அத்தையின் இடது கை மேசைக்கு அடியில் போனது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்தொன்பது. நாங்கள் படியிறங்கி, டயர் கடையைத் தாண்டி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவோம். அத்தை பாஸ் பண்ணிய சந்தோஷத்தில் வருவாள், பஸ் வருவதற்குள் அதையும் மறந்துவிடுவாள். பிறகு இருபது வருடம். பின்னாலிருந்து அவள் கழுத்தைப் பார்த்தேன். காலையில் அவசரமாக வாரியதில் ஒரு கற்றை முடி காலருக்குள் மாட்டியிருந்தது. அவளுடைய மாணவிகளில் பிட் அடித்து அவளிடம் மாட்டாதவள் நான் மட்டும்தான். வீட்டில் அவளிடமே படித்ததால் எனக்கு அந்த அவசியம் வரவில்லை.

"எழுந்திருங்க" என்றேன். "கையைக் காட்டுங்க."

நர்ஸ் அதிர்ச்சியுடன் திரும்பினார். அத்தை அதிரவில்லை. உடனே எழுந்தாள். நாற்காலியை ஓசையில்லாமல் பின்னால் தள்ளினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அது என்னை அடையாளம் தெரிந்த பார்வையா, தெரியாத பார்வையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மரியாதையான பார்வை.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். வாட்சுக்கு அடியிலிருந்து கிழமையும் தேதியும். கண்ணாடிக் கூட்டிலிருந்து வருடம். சட்டைக் கைமடிப்பிலிருந்து வீட்டு முகவரி. பேனா மூடியிலிருந்து சுருட்டிய ஒன்று: 'காலையில் ரொட்டி, முட்டை. சாப்பிட்டாயிற்று.' உள்ளங்கையை விரித்தாள், அதில் முதல் மாடி, பன்னிரண்டு கட்டில், அதற்குக் கீழே நாற்காலி, எலுமிச்சை, சாவி.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அத்தை கொஞ்சம் தயங்கினாள். குனிந்து இடது சாக்ஸிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். மற்றவை புதுத் தாள். இது பழையது, ஓரமெல்லாம் நைந்திருந்தது. எத்தனை நாளாக ஒரு சாக்ஸிலிருந்து இன்னொரு சாக்ஸுக்கு மாறியதோ. பிரித்தேன். கரும்பலகைக்குப் பழகிய அவளுடைய உருண்டைக் கையெழுத்து.

'தம்பி இறந்துவிட்டான். எங்கே என்று கேட்காதே. கூட இருக்கும் பெண் அவன் மகள். அவளிடம் கேட்டால் அழுகிறாள்.'

அப்பா போன பிறகு அத்தை தினமும் ஐந்தாறு முறை கேட்பாள். உன் அப்பன் இன்னும் வரலையா, எங்க போனான், ஒரு ஃபோன் போடு. ஒவ்வொரு முறையும் நான் சொல்ல, ஒவ்வொரு முறையும் அவள் புதிதாகக் கேட்டு உட்கார்ந்துவிடுவாள். மூன்று மாதம் முன்பு அது நின்றது. அவளுக்குத் தம்பியே மறந்துவிட்டான் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன், அது ஒரு விதத்தில் நல்லதுதான் என்றான். நானும் ஆமாம் என்றேன்.

நர்ஸ் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார். "இதுக்கு மார்க் போட எங்கிட்ட கட்டம் இல்ல" என்றார். பிறகு, "மொதல்லேர்ந்து கேக்கணும். நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், ஆனா கேக்கணும்."

"கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் அத்தை.

இரண்டாவது முறை எட்டு எடுத்தாள். அதில் ஐந்து கழித்தலுக்கு. இந்த முறையும் இரண்டுவரை போனாள்.

மேலாளர் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார். வெளியே பல் ஆஸ்பத்திரியின் மாடி தெரிந்தது. வெள்ளைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அத்தை கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நான் ஃபோனை ஆன் செய்தவுடன் அண்ணன் வந்தான்.

"எங்க போய்த் தொலைஞ்ச? இதுவரைக்கும் இருநூத்தி அறுபது. இன்னும் பத்து கேள்வி இருக்கு. பாத்து மார்க் போடு."

"இடம் கிடைச்சாச்சு."

"முந்நூறு வரணும்ல?"

"மீதி நாப்பதை நீயே வந்து பாத்துப் போட்டுக்கோ."

"சரி" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அழுதாளா?"

"யாரும் அழல" என்று சொல்லி வைத்தேன்.

மேலாளர் சேர்க்கைப் படிவத்தைக் கொண்டுவந்தார். "இங்க அவங்க ஒரு கையெழுத்து போடணும். கட்டாயம் இல்ல, போட்டா நல்லது."

அத்தை பேனாவை வாங்கினாள். கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தாள். யோசிக்கவோ அடிக்கவோ இல்லை. மேலாளர் தடுக்கப் போனார், நான் அவரைத் தடுத்தேன். மாட்டிய பிள்ளைகளிடம் எழுதி வாங்கும் வாக்குமூலம் அது. அவள் சொல்லச் சொல்ல எத்தனையோ பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதிக் கொடுத்தது.

'தேர்வின்போது என்னிடம் துண்டுத்தாள்கள் இருந்தன. அவற்றை எழுதியவள் நானே. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. என்னைப் பிடித்தவர்மீது எனக்கு வருத்தம் இல்லை.'

கையெழுத்துப் போட்டாள்.

"அத்தை, கடைசி வரி எப்பவும் எழுதி வாங்கறதா?"

"எந்த வரி?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேறு யாரோ எழுதியதைப் போல நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தானே எழுதியிருக்கு" என்றாள். படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "கீழ நீ போடு. யார் பிடிச்சாங்களோ அவங்கதான் போடணும்."

மேலாளர் எட்டிப்பார்த்தார். "அது காப்பாளர் கையெழுத்துன்னு இருக்கு. நீங்கதானே, போடலாம்" என்றார்.

போட்டேன். அத்தை தாளைத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தேதி போடல" என்றாள்.

தேதியும் போட்டேன்.